டெங்குவுக்கு ஏன் இன்னும் மாத்திரை இல்லை?

ஒரு வாசகரின் கேள்வி, 14.10.2025, இரவு 9.40

கொரோனா வந்து இரண்டு வருடத்துக்குள் மாத்திரை வந்துவிட்டது. டெங்கு என் தாத்தா காலத்து நோய். இன்றைக்கும் டாக்டர் கொடுப்பது பாராசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும்தான். மருந்து இருக்கிறது, கம்பெனிகள் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் பேசுங்கள்.

14.10.2025, இரவு 11.20

இல்லை என்பவன் நான்தான். 2009 முதல் 2013 வரை ஓர் ஆய்வகத்தில் டெங்கு வைரஸை வளர்த்து, அதன் தலையில் ஏதேதோ ஊற்றிப் பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை. இப்போது வேறு பிழைப்பு. பூட்டி வைக்கிற அளவுக்கு மருந்து இருந்திருந்தால் எங்கள் கைடு எங்களை அவ்வளவு திட்டியிருக்க மாட்டார்.

முதலில் கொரோனா. பாக்ஸ்லோவிட் மாத்திரைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2021 டிசம்பரில். ஆனால் விதை போட்டது 2003-இல், கொரோனாவின் மூத்த பங்காளியான சார்ஸ் பரவியபோது. ஃபைசரில் அப்போது செய்து ஓரம் வைத்த ஒரு மூலக்கூறைத்தான் தூசி தட்டி எடுத்தார்கள்.

இந்த வைரஸ்கள் தங்கள் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்துவிட்டு, பிறகு துண்டு துண்டாக வெட்டிக்கொள்ளும். வெட்டுகிற கத்தரிக்கோலும் ஒரு புரதம்தான். கொரோனாவின் கத்தரிக்கோலில் மருந்து போய் உட்கார வசதியான குழி உண்டு. டெங்குவின் கத்தரிக்கோல், என்.எஸ்.3 என்று பெயர், தோசைக்கல் மாதிரி. வைத்தது எல்லாம் வழுக்கும். போதாக்குறைக்கு அது நேர்மின்னூட்டம் உள்ள இடத்தில்தான் வெட்டும். அதற்குத் தோதாக மின்னூட்டம் உள்ள மருந்தைச் செய்தால் அது செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. குழாயில் பிரமாதமாக வேலை செய்யும், செல்லில் கைவிரிக்கும்.

காசு ஒரு காரணமே இல்லை. நேரம்தான் காரணம். தூக்கம் வருகிறது, காலையில் எழுதுகிறேன்.

15.10.2025, காலை 6.50

நேரம் என்றேன். 2017 அக்டோபரில் என் அண்ணன் மகளுக்கு வந்தது. அப்போது ஒன்பது வயது. திங்கள் இரவு காய்ச்சல், 103. செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடத்தில் பிடித்த சாதாரணக் காய்ச்சல் என்று பாராசிட்டமால். புதன் தெருமுனை கிளினிக்கில் ஒரு ஊசி போட்டுக் காய்ச்சலை இறக்கி அனுப்பினார்கள். என்ன ஊசி என்று சீட்டில் இல்லை. வியாழன் என் நச்சரிப்பு தாங்காமல் என்.எஸ்.1 பரிசோதனை, அதாவது இரத்தத்தில் டெங்குவின் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பது, எடுத்தார்கள், பாசிட்டிவ். வெள்ளிக்கிழமை காய்ச்சல் விட்டது. அண்ணி ரசம் சாதம் ஊட்டினார், எல்லாரும் நிம்மதியாகத் தூங்கினோம். சனிக்கிழமை விடிந்ததும் வயிற்று வலி, வாந்தி, கைகால் ஜில்லென்று ஆகிவிட்டது.

கவனிக்க வேண்டியது இதைத்தான். இரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருந்தது செவ்வாயும் புதனும். சனிக்கிழமை உயிருக்கு ஆபத்து வந்தபோது வைரஸ் அநேகமாகப் போயே விட்டது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்ததற்குப் பெரும்பாலும் காரணம் உடம்பே கிளப்பிய கலவரம். உலகத்திலேயே சிறந்த வைரஸ் மருந்து அன்று என் சட்டைப்பையில் இருந்திருந்தாலும் பயன் இல்லை. திருடன் போன பிறகு நாய் வாங்கிய கதைதான்.

அவளைக் காப்பாற்றியது நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றிய உப்புத் தண்ணீர். சேர்த்த இடத்தில் ஒரு நர்ஸ் மணிக்கொரு தரம் வந்து அவள் கட்டைவிரல் நகத்தை அழுத்தி விடுவார். வெளுத்த நகம் சிவக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனால் அவர் முகமே மாறிவிடும், பேசாமல் போய் டாக்டரைக் கூட்டி வருவார். பி.சி.வி., அதாவது இரத்தத்தில் சிவப்பணுக்களின் சதவீதம், நீர் கசியக் கசிய ஏறும். அது 38-இலிருந்து 46-க்கு ஏறியது, சொட்டைக் கூட்டினார்கள். ஞாயிறு மாலை சிறுநீர் தாராளமாகப் போனது, உடனே சொட்டைக் குறைத்தார்கள். குறைக்கத் தெரியாவிட்டால் கசிந்த நீர் திரும்பி வரும்போது நுரையீரல் நிரம்பிவிடும். அந்த இரண்டு நாள் நான் படித்த வைராலஜி எதற்கும் உதவவில்லை. சொட்டு எண்ணத்தான் உதவினேன்.

ஹெபடைடிஸ் சி வைரஸ் டெங்குவுக்குப் பங்காளி, ஒரே குடும்பம். அதற்கு 2013-இல் சோஃபோஸ்புவிர் வந்து, இன்று 12 வாரத்தில் குணமாகிறது. அது உடம்பில் வருடக்கணக்கில் குடியிருக்கும், நிதானமாகத் தேடி அடிக்கலாம். டெங்கு நாம் விலாசம் கண்டுபிடிப்பதற்குள் காலி செய்துவிடும்.

15.10.2025, பகல் 1.05

திருத்தம். முதல் குறிப்பில் டெங்குவுக்குப் புரதம் 11 என்று அடித்திருந்தேன், இப்போது அந்த வரியையே எடுத்துவிட்டேன். மொத்தம் 10: உடம்பைக் கட்ட 3, வேலை பார்க்க 7. அதன் ஆர்.என்.ஏ.தான் ஏறக்குறைய 11,000 எழுத்து. சுட்டிக்காட்டிய மாணவிக்கு நன்றி. பத்துப் புரதத்தை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் ஆடுகிறது.

தாத்தா காலம் என்றது சரிதான். 1943-இல் நாகசாகியில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடம் சபின், போலியோ சொட்டு மருந்து சபினேதான், போருக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்களின் இரத்தத்திலிருந்து எடுத்தார். கல்கத்தாவில் இருந்தவர்களும் அதில் உண்டு.

18.10.2025, இரவு 10.30

யாரும் முயன்றே பார்க்கவில்லையா என்கிறார் ஒருவர். முயன்றார்கள், தோற்றார்கள். தோற்றதைப் பத்திரிகை எழுதாது என்பதால் நமக்குத் தெரிவதில்லை.

வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தில் ஒரே குழு வருடக்கணக்கில் இதையே செய்தது. மலேரியா மருந்தான குளோரோகுயின் 307 பேரிடம்: வைரஸ் குறையவில்லை. பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு: கசிவு குறையவில்லை. கொலஸ்ட்ரால் மாத்திரை லோவாஸ்டாடின்: பலன் இல்லை. நடுவில் ரோஷ் நிறுவனத்தின் பாலாபிராவிர். ஹெபடைடிஸ் சிக்காகச் செய்த மாத்திரை, வைரஸ் தன்னை நகல் எடுக்கும் இயந்திரத்தில் போய்ச் செருகிக்கொள்வது. 64 நோயாளிகள், காய்ச்சல் தொடங்கி இரண்டு நாளுக்குள் பிடித்துவிட்டார்கள். என் நேர வாதத்தின்படி ஜெயித்திருக்க வேண்டும். ஜெயிக்கவில்லை.

ஏன் என்று பிறகு சிங்கப்பூரில் நோவார்ட்டிஸ் ஆய்வாளர்கள் தோண்டினார்கள். அந்த மாத்திரை அப்படியே வேலை செய்யாது, செல்லுக்குள் போய் உருமாற வேண்டும். டெங்கு தொற்றிக் கொதித்துப்போயிருக்கும் இரத்தச் செல்கள் அந்த உருமாற்றத்தைச் சரியாகச் செய்வதில்லை. அதாவது எந்தச் செல்லுக்கு மருந்து தேவையோ அந்தச் செல்லே அதைச் சமைக்க மறுத்தது. இதைப் படித்த அன்று எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. நாங்கள் அதுவரை மருந்தைச் சோதித்தது தொற்றுக்கு முன் அமைதியாக இருந்த செல்களில்.

அதே சிங்கப்பூரில் செல்கோசிவிர் என்று இன்னொரு மருந்து. ஆஸ்திரேலிய மரம் ஒன்றின் விதையிலிருந்து பிறந்த சரக்கு. எலிகள் பிழைத்தன. 50 மனிதர்களுக்குக் கொடுத்தார்கள், வைரஸும் காய்ச்சலும் சொல்லிக்கொள்கிற அளவுக்குக் குறையவில்லை.

என்.ஐ.டி.டி.-008 என்று இன்னொரு மருந்து. எலியில் வைரஸை நன்றாகவே அடக்கியது. நாய்க்கு இரண்டு வாரம் கொடுத்தபோது நச்சு தெரிந்தது, கதை முடிந்தது.

எலி என்றதும் சாதாரண எலி என்று நினைக்க வேண்டாம். அதற்கு டெங்கு பிடிக்காது. வைரஸ் நுழைந்ததும் உடம்பு அடிக்கிற எச்சரிக்கை மணியான இன்டர்ஃபெரான் வேலை செய்யாதபடி மாற்றி வளர்த்த எலிதான் வேண்டும். பாதி எதிர்ப்புச் சக்தி பிடுங்கப்பட்ட பிராணியிடம் ஜெயித்ததை வைத்து மனிதனிடம் பந்தயம் கட்டுகிறோம்.

19.10.2025, காலை 7.15

நிலவேம்பு வருமென்று தெரியும். வந்துவிட்டது. ஒரே இரவில் பதினேழு பதிவு.

நானும் குடித்தவன். 2012-இல் தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேல் டெங்கு பதிவானபோது எங்கள் ஆய்வக வாசலிலேயே அண்டாவில் வைத்துக் கொடுத்தார்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு என ஒன்பது சரக்கு. அந்தக் கசப்புக்கு வைரஸ் ஓடுமோ இல்லையோ, நான் ஓடினேன்.

செல்களில் வேலை செய்கிறது என்று ஆய்வுகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் "செல்களில்" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று என் சொந்த அவமானத்தை வைத்தே சொல்கிறேன்.

24 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொரு குழியின் அடியிலும் செல்கள் பாய் விரித்த மாதிரி படர்ந்திருக்கும். வைரஸை விட்டு, மேலே கூழ் மாதிரி ஒன்றை ஊற்றிவிட்டால் வைரஸ் பக்கத்துச் செல்லுக்கு மட்டும்தான் பரவ முடியும். சில நாள் கழித்து ஊதாச் சாயம் போட்டுக் கழுவினால், செத்த இடம் வெள்ளைப் பொட்டாகத் தெரியும், மீதி ஊதா. ஒரு பொட்டு, ஒரு வைரஸ். சன்னல் வெளிச்சத்தில் தட்டைத் தூக்கிப் பிடித்து, மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து எண்ணுவோம்.

ஒரு மூலிகைச் சாறு. மருந்து விடாத குழியில் அறுபது பொட்டு. மருந்து விட்ட குழியில் பூஜ்யம். நான் டீக்கடைக்கு எல்லாரையும் கூட்டிப்போய் பஜ்ஜி வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வந்து, வைரஸே விடாமல் மருந்து மட்டும் விட்ட குழியைச் சீனியர் கேட்டார். அதை நான் சரியாகப் பார்க்கவில்லை. ஊதா வெளிறிப் போயிருந்தது. பாதிச் செல்கள் மருந்தாலேயே செத்து, மீதி குற்றுயிராகக் கிடந்தன. வைரஸ் வளர வீடே இல்லை, அதனால் பொட்டும் இல்லை. பினாயில் ஊற்றினாலும் அதே முடிவுதான் வரும். பஜ்ஜிக் காசு 140 ரூபாய்.

செல்லைக் கொல்லும் அளவுக்கும் வைரஸை நிறுத்தும் அளவுக்கும் நடுவே பெரிய இடைவெளி வேண்டும். அதற்கப்புறம் அந்த அளவு மனித இரத்தத்தில் எட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு சீட்டுக் குலுக்கி, பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெற்றுக் கஷாயம். நான் கேட்பது அந்தக் கடைசிப் படியை. கஷாயத்தைத் திட்டவில்லை. திட்டினதாகச் சொல்பவர்கள் மறுபடி படியுங்கள்.

19.10.2025, இரவு 8.00

பப்பாளி இலைக்குத் தனி இழை திறங்கள். ஒரே வரி: அது தட்டணுக்களை ஏற்றுவதாகத்தான் பேச்சு, வைரஸைத் தொடுவதாக இல்லை. தட்டணு எண்ணிக்கையைப் பார்த்துத்தான் ஊரே அழுகிறது, ஆனால் சிங்கப்பூர், மலேசியாவில் 372 பேரிடம் பார்த்ததில், பெரிய இரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் இரத்தப்போக்கு குறையவில்லை. அண்ணன் மகளுக்கு 18,000 வந்தபோது நானே நண்பர்களுக்கெல்லாம் போன் போட்டு ஆள் திரட்டினேன். வயதான டாக்டர் வந்து, "எல்லாரும் டீ குடிச்சிட்டு வீட்டுக்குப் போங்க" என்றார். அவர் பார்த்தது பி.சி.வி.யை.

22.10.2025, மாலை 4.40

இலங்கையிலிருந்து எழுதிய அக்காவுக்கு. ஆமாம், 2017-இல் உங்களுக்கு 1,86,101 நோயாளிகள். அதில் இறந்தவர்கள் சில நூறு. மருந்தே இல்லாத நோயில் இது சாதாரணம் இல்லை. வார்டில் தாளும் பேனாவுமாக நின்று, உள்ளே போன நீரையும் வெளியே வந்த நீரையும் எழுதியவர்களின் வேலை அது. தீவிர டெங்குவைக் கவனிக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் போகலாம், கவனித்தால் நூற்றில் ஒருவருக்கும் கீழே.

இதுவே மருந்து ஆராய்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஆஸ்பத்திரியில் சாவு அரிது என்றால், மருந்து சாவைக் குறைக்கிறது என்று காட்ட எத்தனை ஆயிரம் பேரைச் சேர்ப்பது?

23.10.2025, காலை 9.10

சிக்குன்குனியா கேட்டவருக்கு. 2006-இல் ரீயூனியன் தீவில் குளோரோகுயின் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. 200-ஆம் நாள் விசாரித்தபோது மருந்து சாப்பிட்டவர்களுக்குத்தான் மூட்டுவலி அதிகம். அதே வருடம் என் அம்மா மூன்று மாதம் சுவரைப் பிடித்து நடந்தார். அவருக்குக் கொடுத்தது என்னவென்று கேட்காதீர்கள்.

27.10.2025, இரவு 11.50

14-ஆம் தேதி எழுதிய "காசு ஒரு காரணமே இல்லை" என்பதை வாபஸ் வாங்குகிறேன். ஒரு வாரமாக உறுத்துகிறது.

பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்தில் யோஹான் நெய்ட்ஸ் குழு ஆயிரக்கணக்கான மூலக்கூறுகளை டெங்குவின் மேல் விட்டுப் பார்த்து, ஒன்றைப் பிடித்து, ஜான்சன் அண்ட் ஜான்சனோடு சேர்ந்து வருடக்கணக்கில் இழைத்தது. 2021-இல் நேச்சர் இதழில் வந்தது. அது கத்தரிக்கோலின் வெட்டும் வாயையும் தொடவில்லை, நகல் இயந்திரத்தையும் தொடவில்லை. அந்தக் கத்தரிக்கோல் என்.எஸ்.3-உம் என்.எஸ்.4பி என்ற இன்னொரு புரதமும் கைகோத்துக்கொண்டால்தான் செல்லுக்குள் வைரஸின் பட்டறை எழும்பும். இது அந்தக் கைகளைச் சேரவிடாது. நான்கு வகை டெங்குவுக்கும் கேட்கும். தோசைக்கல்லில் குழி தேடிக்கொண்டிருந்த எங்களுக்கு இப்படி ஒரு யோசனை வரவே இல்லை.

அதன் தம்பி மோஸ்னோடென்விர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தன்னார்வலர்களுக்கு மாத்திரையைத் தொடங்கி, ஐந்தாம் நாளுக்குப் பிறகு பலவீனப்படுத்திய டெங்குவை வேண்டுமென்றே செலுத்தினார்கள். 2023-இல் முடிவு சொன்னார்கள்: அதிக அளவு எடுத்த 10 பேரில் 6 பேர் இரத்தத்தில் வைரஸ் தென்படவே இல்லை. வெற்று மாத்திரைக்காரர்கள் எல்லாருக்கும் தென்பட்டது. அந்தச் செய்தியை நான் பஸ்ஸில் படித்தேன், இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

2024 அக்டோபரில் ஜான்சன் அண்ட் ஜான்சன் அந்த மாத்திரையின் அடுத்த கட்ட ஆய்வை நிறுத்தியது. பாதுகாப்பில் குறை இல்லை என்று அவர்களே சொன்னார்கள். முன்னுரிமைகளை மாற்றி அமைக்கிறார்களாம். அந்த வருடம் உலகத்தில் பதிவான டெங்கு 1.4 கோடிக்கு மேல், அதுவரை எந்த வருடமும் அவ்வளவு இல்லை.

ஆக, கேள்வி கேட்டவரே, உங்கள் கட்சி பாதி. பூட்டி வைக்கவில்லை. மூலக்கூறின் படம் உட்பட எல்லாம் அச்சில் இருக்கிறது. கதவைத் திறந்து போட்டுவிட்டு வெளியேறிவிட்டார்கள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

28.10.2025, காலை 8.30

நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். களத்தில் வேறு ஆட்களும் உண்டு. நோவார்ட்டிஸின் மாத்திரை ஒன்று இதே என்.எஸ்.4பி-யைக் குறிவைத்து நோயாளிகளிடம் சோதனைக்குப் போனது. புனேயின் சீரம் நிறுவனம் எதிர்ப்பொருள் ஊசி ஒன்றில் வேலை செய்கிறது. தடுப்பூசியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் (ஐ.சி.எம்.ஆர்.) பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து 2024 ஆகஸ்டில் 10,335 பேருக்கான மூன்றாம் கட்டத்தைத் தொடங்கின. தடுப்பூசிச் சண்டையை இங்கே வேண்டாம், பிலிப்பைன்ஸில் டெங்குத் தடுப்பூசி கிளப்பிய சர்ச்சை ஒன்றே நூறு பதிவு இழுக்கும்.

3.11.2025, இரவு 10.15

இன்னொரு திருத்தம், இது எண்ணில் இல்லை, நினைப்பில்.

15-ஆம் தேதி, மருந்து சட்டைப்பையில் இருந்தாலும் பயன் இல்லை என்றேன். இழையை முதலிலிருந்து படித்தபோது ஒன்றை விட்டுவிட்டது தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை கட்டில் பக்கத்தில் அவள் தம்பி நின்றுகொண்டிருந்தான். ஆறு வயது, கையில் பிஸ்கட் பாக்கெட், அக்கா ஏன் பேசவில்லை என்று கேட்டபடி. அடுத்த புதன்கிழமை அவனுக்குக் காய்ச்சல். அதே வீடு, அதே கொசு. பகலில் கடிக்கிற ஏடிஸ் ஒரே ஆளிடம் வயிறு நிறையக் குடிக்காது, ஒருவரை விட்டு ஒருவரைக் குத்திக்கொண்டே போகும்.

மாத்திரை அவளுக்கானது இல்லை, அவனுக்கானது. மோஸ்னோடென்விரும் ஏற்கெனவே எழும்பிய பட்டறையை இடிப்பதில்லை, புதிதாக எழவிடாமல் செய்வதுதான். ஒரு வீட்டில் ஒருவருக்கு என்.எஸ்.1 பாசிட்டிவ் என்றால், மீதிப் பேருக்கு அன்றே மாத்திரை. நாங்கள் அத்தனை பேரும் நோயாளியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிக்கல் இல்லாமல் இல்லை. காய்ச்சலே இல்லாத ஆறு வயதுப் பையனுக்கு மூன்று வாரம் மாத்திரை என்றால் அது தண்ணீர் மாதிரி சாதுவாக இருக்க வேண்டும். விலையும் தண்ணீர் மாதிரி இருக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றுலாப் பயணிக்கும் ராணுவத்துக்கும் மட்டும்தான் போகும். இன்னொன்று: வைரஸை முளையிலேயே அடக்கிவிட்டால் அரைகுறை எதிர்ப்புச் சக்திதான் வருமா, அது அடுத்த வகை டெங்கு வரும்போது காலை வாருமா? டெங்குவில் இரண்டாம் முறைதான் ஆபத்து அதிகம் என்பதால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

பையனுக்கு லேசாக வந்து போய்விட்டது. இப்போது ஒன்பதாவது படிக்கிறான், என்னைவிட உயரம்.

9.11.2025, பகல் 12.20

இன்று காலை மாநகராட்சியிலிருந்து கொசுப்புழு பார்க்கும் அம்மா வந்தார். நான் கம்பீரமாக மொட்டை மாடிக்குக் கூட்டிப்போனேன். தொட்டி மூடியிருக்கிறது, பூந்தொட்டித் தட்டு காய்ந்திருக்கிறது, டயர் இல்லை, தேங்காய்ச் சிரட்டை இல்லை. நாலு வருடம் டெங்கு ஆராய்ச்சி செய்தவன் வீடு என்று சொல்லவும் சொல்லிவிட்டேன். அவர் தலையாட்டிவிட்டு நேரே சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் குனிந்து, தண்ணீர் வடியும் தட்டை உருவினார். டார்ச் அடித்தார். எட்டுப் பத்துப் புழு, தலைகீழாகச் சாய்ந்து தொங்கிக்கொண்டு, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடிக்குப் போயின.

"என்ன ஆராய்ச்சி சார் பண்ணீங்க?" என்றார்.

9.11.2025, பகல் 12.45

கேட்பவர்களுக்கு: ஆமாம், பின்பக்கம், கீழே, கம்ப்ரஸருக்கு மேல் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள். என்னுடையது இழுத்தால் வந்துவிட்டது, சில மாடலில் ஸ்க்ரூ இருக்குமாம். வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவ வேண்டும், முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், வெறுமனே கொட்டினால் போகாது.